அதிக ஆக்டேன் என்றால் அதிக சக்தியா?

16 வயது நிரம்பியதும் உங்களில் பலர் பி2 உரிமம் எடுத்து, வீட்டிலிருக்கும் கப்சாய் மோட்டார் சைக்கிளை ஓட்டத் தொடங்குகிறீர்கள். பெட்ரோல் நிலையத்தில் ரோன் 95, ரோன் 97 என இரண்டு வகை இருக்கும். “97 ஊற்றினால் வண்டி பறக்கும்” என்று நண்பர்கள் சொல்வார்கள். விலை கூடுதலாக இருப்பதால் சக்தியும் கூடுதலாக இருக்கும் என்று நமக்கும் தோன்றும். இது உண்மையா என்று பார்ப்போம்.

நாக்கிங் என்பது என்ன?

இயந்திரத்தின் சிலிண்டருக்குள் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து நுழைகின்றன. பிஸ்டன் மேலே வந்து அக்கலவையை அழுத்துகிறது. அழுத்தம் கூடும்போது வெப்பமும் கூடும். சரியான நேரத்தில் பிளக் தீப்பொறி தர, தீ ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சீராகப் பரவி, பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது.

சில வேளைகளில், தீ வந்து சேருமுன்பே மூலையில் எஞ்சியிருக்கும் கலவை அழுத்தமும் வெப்பமும் தாங்காமல் தானாகவே பற்றிக்கொள்ளும். அப்போது எழும் அழுத்த அலைகள் சிலிண்டர் சுவரில் மோதி ‘டக் டக்’ என்று உலோக ஓசை எழுப்பும். இதுவே நாக்கிங். கடுமையான நாக்கிங் நீடித்தால் பிஸ்டன் சேதமடையும்.

எண் எதைச் சொல்கிறது?

ஆக்டேன் எண் என்பது பெட்ரோல் தானாகப் பற்றிக்கொள்ளாமல் தாக்குப்பிடிக்கும் திறனின் அளவு. கிளைச் சங்கிலி கொண்ட ஐசோ-ஆக்டேன் எளிதில் தானாகப் பற்றாது, அதற்கு 100. நேர்ச்சங்கிலி கொண்ட ஹெப்டேன் எளிதில் பற்றும், அதற்கு 0. ஒரு பெட்ரோல், 95 பங்கு ஐசோ-ஆக்டேனும் 5 பங்கு ஹெப்டேனும் சேர்ந்த கலவையைப் போல் சோதனை இயந்திரத்தில் நடந்துகொண்டால், அது ரோன் 95. ஒரு லிட்டரில் அடங்கிய ஆற்றல் இரண்டு வகையிலும் ஏறத்தாழ ஒன்றுதான்.

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் பால் மரம் வெட்டிய தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். ரப்பர் பால் தொழிற்சாலைக்குப் போகுமுன் உறைந்துவிடாமலிருக்க அம்மோனியா சேர்ப்பார்கள். அதனால் ரப்பரின் அளவு கூடுவதில்லை. பால் நேரத்துக்கு முன் உறையாது, அவ்வளவே. ஆக்டேனும் அப்படித்தான், பெட்ரோல் நேரத்துக்கு முன் பற்றாமல் தடுக்கிறது.

அப்படியானால் 97 யாருக்கு?

கலவையை எவ்வளவு அதிகமாக அழுத்துகிறோமோ, அவ்வளவு அதிக வேலையை அதே எரிபொருளிலிருந்து பெறலாம். யமாஹா ஒய்15 மோட்டார் சைக்கிளின் அழுத்த விகிதம் 10.4:1. அதாவது, சிலிண்டரில் உள்ள கலவை 10.4-இல் ஒரு பங்காகச் சுருக்கப்படுகிறது. இவ்விகிதம் மேலும் கூடினாலோ, டர்போ பொருத்தியிருந்தாலோ, நாக்கிங் வரும் வாய்ப்பும் கூடும். அத்தகைய இயந்திரங்களுக்குத்தான் உயர் ஆக்டேன் தேவை.

பல நவீன கார்களில் நாக்கிங்கை உணரும் கருவி உண்டு. ஓசை தொடங்கியதும் கணினி தீப்பொறியைச் சற்றுத் தாமதப்படுத்தும். இயந்திரம் தப்பிக்கும், ஆனால் சக்தி சிறிது குறையும். 97-க்காகவே வடிவமைத்த காரில் 95 ஊற்றினால் இதுதான் நடக்கும். 95-க்கு வடிவமைத்த சாதாரண கப்சாயில் 97 ஊற்றினால் குறிப்பிடத்தக்க பலன் இருக்காது. பணம்தான் கூடுதலாகச் செலவாகும்.

ஓசை கேட்டால்?

சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலைக்கு, பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு, உயர்ந்த கியரில் மெதுவாக ஏறும்போது நாக்கிங் வரலாம். உடனே கியரைக் குறையுங்கள். இயந்திரத்தின் சுமை குறையும். சமதரையிலும் ஓசை தொடர்ந்தால் பட்டறையில் காட்டுங்கள். உள்ளே கரி படிந்திருக்கலாம், இயந்திரம் அதிகம் சூடாகியிருக்கலாம், அல்லது தீப்பொறி நேரம் தவறியிருக்கலாம். இவற்றைப் பழுதுபார்க்காமல் விலை கூடிய பெட்ரோலை ஊற்றிக்கொண்டிருந்தால் கோளாறு மறைந்திருக்குமே தவிர, தீராது.

செய்து பாருங்கள்

1. உங்கள் வீட்டு வாகனத்தின் கையேட்டில் குறிப்பிட்டுள்ள ரோன் எண்ணையும் அழுத்த விகிதத்தையும் எழுதுங்கள்.

2. இவ்வார விலைப்படி, மாதம் 20 லிட்டருக்கு 95-க்கும் 97-க்கும் உள்ள வேறுபாடு எத்தனை ரிங்கிட்? ஓராண்டுக்கு எவ்வளவு? விடையை வீட்டில் பெட்ரோலுக்குப் பணம் கொடுப்பவரிடம் காட்டுங்கள்.