வட்டாட்சியர் அலுவலக வாயிலில் பொறுமை

பத்து அறங்களுள் உத்தமப் பொறுமையை முதலில் வைத்தனர் நம் ஆன்றோர். துறவியர் வெல்ல வேண்டிய 22 பரீஷகங்களுள் அலாபம் என்பதும் ஒன்று. நாடிச் சென்றது கிட்டாதபோதும் உள்ளம் கலங்காமை அது. இல்லறத்தாராகிய நமக்கு அச்சோதனை பெரும்பாலும் அரசு அலுவலக வாயிலில்தான் வாய்க்கிறது!

ஓர் எடுத்துக்காட்டால் இதனை ஆராய்வோம். உத்திரமேரூர் வட்டத்துச் சிற்றூரில் தந்தை காலமாகிறார் எனக் கொள்வோம். துபாயில் பணியாற்றும் மகன் மூன்று வார விடுப்பில் வருகிறான். பட்டாவில் பெயர் மாற்றிவிட்டுத் திரும்ப வேண்டும் என்பது அவன் எண்ணம். முதலில் இறப்புச் சான்றிதழ் வேண்டும். பின்னர் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரும் (கர்ணம் பதவி 1980இல் ஒழிந்தும் முதியோர் நாவில் இவர் கர்ணமே) வருவாய் ஆய்வாளரும் விசாரித்த பின்னரே வட்டாட்சியர் அதனை வழங்குவார். நிலத்தைப் பங்கிட்டு உட்பிரிவு செய்வதாயின் நில அளவரும் வந்து அளக்க வேண்டும். மூன்று வாரம் எங்ஙனம் போதும்?

பெயர்ச் சிக்கல் வேறு. பழைய பத்திரத்தில் 'நயினார்' என முடியும் பெயர், பள்ளிச் சான்றிதழில் முன்னெழுத்தோடு மட்டும் நிற்கும். கடவுச்சீட்டிலோ தந்தை பெயர் குடும்பப் பெயராக ஏறியிருக்கும். மூன்றும் ஒருவரே என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு நம்முடையது. ஊருக்குப் புறப்படுமுன்னரே இவற்றை ஒப்புநோக்கிக் கொள்ளல் நன்று.

விடுப்பு முடியும் வேளையில் தரகர் ஒருவர் வந்து சேர்வார். "மணமாகிப் போன தங்கையின் பெயரை விட்டுவிட்டால் வேலை விரைவில் முடியும்" என்பார். இங்கேதான் பொறுமையின்மை பொய்யாக மாறுகிறது. இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956 சமணர்க்கும் உரியது. உயில் எழுதாது மறைந்த தந்தை தாமே ஈட்டிய சொத்தில் மனைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு உண்டு. நாம் சலித்துக்கொள்ளும் அந்த ஊர் விசாரணை, அவ்விடத்தில் இல்லாத தங்கையின் பங்கைக் காப்பதற்கே ஏற்பட்டது. நாளை இவனே துபாயில் இருக்கும்போது, இவன் பங்கைக் காப்பதும் அதுவே.

விதிகள் இவ்வாறு பிறப்பதற்கு நம் ஊரே சான்று. உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. 919இல் செய்த ஏற்பாட்டை 921இல் திருத்தி மீண்டும் பொறித்தனர். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி அவர்தம் நெருங்கிய உறவினரும் குடவோலைக்குத் தகுதியற்றவராயினர். கடுமைதான், எனினும் ஊர்ப் பொருளைக் காக்க வேண்டியிருந்தது. பதவியில் இருப்போரையும் அவ்விதி கட்டியது என்பதை நாம் மறத்தலாகாது. ஆகவே பொறுமை என்பது வாய்மூடி இருத்தல் அன்று. காரணமின்றிக் கோப்பு கிடந்தால், இந்தியக் குடிமகன் எந்நாட்டில் இருந்தாலும் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 வழியே வினவலாம். பொதுவாக 30 நாளுக்குள் விடை தரக் கடமை உண்டு.

திரும்பிச் சென்ற மகன், இந்தியத் துணைத் தூதரகத்தில் கையொப்பமிட்டு அதிகாரப் பத்திரம் அனுப்பலாம். இவ்விடத்தில் பலர் தவறுகின்றனர். தூதரக முத்திரை இருக்கிறதே என்று பத்திரத்தைப் பெட்டியில் வைத்துவிடுகின்றனர். இந்திய முத்திரைச் சட்டம், 1899இன்படி, அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்திற்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்தியாக வேண்டும். உறையில் உள்ள அஞ்சல் முத்திரையும் சான்றாகும். உறையைக் கிழித்தெறிய வேண்டா.

விண்ணப்பம் கொடுத்த அன்றே ஒப்புகைச் சீட்டைப் படமெடுத்து மகனுக்கு அனுப்பிவிடுக. பட்டாவில் பெயர் ஏறியதா என்பதைத் தமிழக அரசின் இணையத்தில் அவன் அங்கிருந்தே பார்க்கலாம். அதனை அறிந்துவர மட்டும் எழுபது வயதுத் தாய் வெயிலில் பேருந்து ஏறி உத்திரமேரூருக்கு வரவேண்டுவதில்லை.