வீடு, வண்டி, வட்டி

ஒவ்வோர் ஊரார்க்கும் பொருளைப் பற்றிச் சில கொள்கைகள் உண்டு. அவை ஏட்டில் எழுதப்பெற்றன அல்ல. கடைவாயிலிலும் திண்ணையிலும் திருமணப் பந்தியிலும் வாய்மொழியாக வழங்கி வருவன. விருதுநகரிலும் சிவகாசியிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் இன்று வழங்கும் கொள்கைகள் யாவையெனின், வாடகை கொடுப்பது பணத்தைக் கிணற்றில் எறிவதாகும் என்பது ஒன்று. மண்ணும் பொன்னும் ஒருநாளும் விலை குறையா என்பது மற்றொன்று. வாயிலில் ஒரு கார் நின்றால் வணிகனுக்கு ஊரில் நம்பிக்கை பெருகும் என்பது பிறிதொன்று. இவற்றை நம்பியே பலர் தம் வாழ்நாட் சேமிப்பு முழுவதையும் ஒரே நாளில் ஒருவர் கையில் கொடுத்துவிடுகின்றனர். ஆகலின் இவை எங்கிருந்து பிறந்தன, எவர்க்குப் பொருந்தும், எவர்க்குப் பொருந்தா என ஆராய்தல் வீண் வேலையன்று.

தமிழில் 'முதல்' என்னும் சொல் தொடக்கத்தையும் குறிக்கும், வணிகத்தில் இடும் பணத்தையும் குறிக்கும். பின்வரும் ஆதாயத்தைக் கருதிக் கையிலுள்ள முதலை இழக்கும் செயலில் அறிவுடையார் இறங்கார் என்பது வள்ளுவர் கருத்து. விவிலியத்தில் தாலந்தைப் புதைத்து வைத்த ஊழியனோ, காசுக்காரர் வசம் கொடுத்து வட்டியேனும் பெறாமைக்காகக் கடிந்துகொள்ளப்பட்டான். முதலை இழத்தலும் குற்றம், முதலை முடக்குதலும் குற்றம். இவ்விரண்டிற்கும் நடுவே செல்லும் வழிதான் அரிது.

நம் பகுதி கரிசல் நிலம், மழை குறைவு. மண்ணை மட்டும் நம்பியிருந்தால் இவ்வூர்கள் இந்நிலை எய்தியிரா. பண்டங்களின் மேல் சிறு தொகை விதித்துத் திரட்டிய மகமையும், வீடுதோறும் எடுத்து வைத்த பிடியரிசியும் விருதுநகரில் பள்ளிக்கூடம் நடத்தின. 1921-இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி தோன்றியது. அதுவே 1962-இல் தமிழ்நாடு மெர்க்கண்டைல் வங்கி எனப் பெயர் மாறிற்று. 1920-களின் தொடக்கத்தில் சிவகாசியினின்று அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று மீண்டனர். இவர்கள் கைப்பொருளை நிலத்தில் புதைக்காமல் தொழிலில் ஓடவிட்டவர்கள். மண்ணில் போட்ட பணம் போகாது என்று இன்று நாம் ஓதும் மந்திரத்தை நம் முன்னோர் அவ்வளவாக நம்பினதாகத் தெரியவில்லை!

இனி வீட்டைப் பற்றிப் பேசுவோம். வாடகைக்கும் சொந்த வீட்டிற்கும் இடையே நம் பக்கத்தில் ஒரு மூன்றாம் வழி உண்டு, அதுவே ஒத்தி. 'ஒற்றி' என்பதே பேச்சில் ஒத்தி ஆயிற்று. திருவொற்றியூரைப் பாடிய வள்ளலார் இச்சொல்லின் இருபொருளையும் கொண்டு விளையாடியதைத் தமிழ் மாணவர் அறிவர். ஒத்தியில் குடிபுகுவோர் வீட்டுக்காரரிடம் ஒரு தொகையை மொத்தமாகக் கொடுப்பர். குறித்த ஆண்டுகள் வரை வாடகை இல்லை. கொடுத்த தொகைக்கு வட்டியும் இல்லை. காலம் முடிந்ததும் பணம் திரும்பும், வீடும் திரும்பும்.

இதனை 'இலவசக் குடியிருப்பு' என்று பலர் எண்ணுகின்றனர். இலவசம் அன்று, கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒத்தித் தொகை 3,00,000 ரூபாய் எனக் கொள்வோம். அதனை வங்கியில் 6½ விழுக்காட்டு வட்டிக்கு இட்டிருந்தால் ஆண்டிற்கு 19,500 ரூபாய், அதாவது மாதம் 1,625 ரூபாய் வந்திருக்கும். அதுவே உண்மையில் நாம் கொடுக்கும் வாடகை. அத்தகைய வீட்டிற்கு மாத வாடகை 4,000 ரூபாய் ஆனால், ஒத்தியே மேல். நகையை அடகு வைத்து ஆண்டிற்கு 12 விழுக்காட்டு வட்டியில் அத்தொகையைத் திரட்டினாலும் மாதம் 3,000 ரூபாய்தான் ஆகும், அப்போதும் நட்டமில்லை. ஆனால் தனியாரிடம் 'இரண்டு வட்டி'க்கு வாங்கினவர் நிலை என்ன? நூற்றுக்கு மாதம் இரண்டு என்றால் ஆண்டிற்கு 24 விழுக்காடு. மாதம் 6,000 ரூபாய். வாடகைக்கு அஞ்சி ஓடினவர் வாடகையைவிட ஒன்றரை மடங்கு கொடுக்கின்றார். இரண்டு என்னும் சிறிய எண்ணில் அந்த இருபத்துநான்கு மறைந்திருத்தலே இதற்குக் காரணம்.

கணக்கினும் பெரிய இடர் பத்திரத்தில் உள்ளது. 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின்படி, 100 ரூபாயும் அதற்கு மேலும் பெறும் இத்தகைய ஈடு, சாட்சியர் இருவரேனும் கையொப்பமிட்ட பதிவுப் பத்திரத்தால் ஆதல் வேண்டும். நம் ஊர்களிலோ முத்திரைத்தாளில் எழுதி, தெருவார் இருவர் கையொப்பமிட்டு, பதிவுச் செலவிற்கு அஞ்சிப் பெட்டியில் வைத்துவிடுகின்றனர். பின்னர் வீட்டுக்காரர் வீட்டை விற்றாலோ, முன்னரே வங்கியில் ஈடு வைத்திருந்தாலோ, அந்தத் தாள் வீட்டின்மேல் உரிமை காட்டாது. கொடுத்த பணத்தைக் கேட்டு வழக்கிடும் வழி ஒன்றே எஞ்சும். வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறையின் இணையதளத்திலேயே பார்க்கலாம். மகளுக்கு மணமகனைத் தேடுங்கால் ஏழூர் விசாரிக்கும் நாம், மூன்று இலட்ச ரூபாயைக் கொடுக்குங்கால் ஒரு நாழிகை விசாரிப்பதில்லை.

சொந்த வீடு என்னும் ஆசை நியாயமானதே. அதனை இகழ்வது என் கருத்தன்று. எனினும் 10,00,000 ரூபாயை 9 விழுக்காட்டு வட்டியில் 20 ஆண்டுத் தவணைக்கு வாங்கினவர் மாதந்தோறும் ஏறக்குறைய 8,997 ரூபாய் செலுத்துதல் வேண்டும். முடிவில் செலுத்தும் மொத்தம் ஏறத்தாழ 21,59,000. இதனுடன் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேரும். கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டாமோ என்று லூக்கா சுவிசேஷம் வினவுகின்றது. வாடகை வீண் என்பார், வட்டியும் வீட்டை வளர்க்கும் பொருளன்று என்பதை மறந்துவிடுகின்றனர். நம் ஊரிற் பிறந்து முதலமைச்சராயிருந்த காமராசர் சென்னையில் வாடகை வீட்டிலேயே வாழ்ந்து 1975-இல் மறைந்தார். வாடகை வீடு என்றதால் அவர் பெருமை குறைந்ததாக எவரும் கூறக் கேட்டிலேன்.

வண்டியைப் பற்றிய கொள்கை பழைய காலத்தின் எச்சம். உரிமம் பெற்றவரே வண்டி செய்யலாம் என்றிருந்த காலத்தில், பஜாஜ் ஸ்கூட்டருக்குப் பெயர் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்காகக் காத்திருந்தனர். உடனே கிடைக்கும் பழைய வண்டி புதியதைவிட மிகுந்த விலைக்கும் போயிற்று. வண்டியும் ஒரு சொத்து என்னும் எண்ணம் அக்காலத்தில் மெய்யாயிருந்தது. 1991-க்குப் பின் அக்காரணம் மறைந்தது. எண்ணம் மட்டும் மறையவில்லை. காப்பீட்டுக் கணக்கில் வண்டியின் மதிப்பை ஓராண்டு கடந்தால் 20 விழுக்காடும், நான்காண்டு கடந்து ஐந்தாண்டிற்குள் 50 விழுக்காடும் குறைத்தே மதிக்கின்றனர். ஆனால் வண்டி எல்லாம் ஒன்றல்ல. 2005-இல் வெளிவந்து 'குட்டியானை' எனப் பெயர் பெற்ற சிறு சுமைவண்டியும் அவ்வாறே தேயும். எனினும் அது பருப்பு மூட்டையையும் அச்சிட்ட நாட்காட்டிக் கட்டையும் சுமந்து தன் தேய்மானத்தைத் தானே சம்பாதிக்கும். மதிப்பிற்காக நிற்கும் காரோ நின்றவிடத்தே தேயும்.

ஏலச்சீட்டைப் பற்றி ஒரு சொல் மட்டும். 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி முன் அனுமதியும் பதிவும் பெற்று நடக்கும் சீட்டு வேறு. தெருவில் முகத்தை நம்பிப் போடும் சீட்டு வேறு. இரண்டிற்கும் பெயர் ஒன்றாயிருப்பதே குழப்பத்திற்கு வித்து. வங்கியில் இடும் பணத்திற்கோ, ஒரு வங்கியில் ஒருவர்க்கு 5,00,000 ரூபாய் வரை 2020 முதல் காப்பீடு உண்டு.

இதுகாறும் கூறியவை மாதச் சம்பளக்காரர்க்கும் கடைக்காரர்க்கும் பொருந்தும். பட்டாசுத் தொழிலாளர்க்கு அவ்வாறு பொருந்துமோ? அங்கே கூலி பெரும்பாலும் செய்த உருப்படிக் கணக்கில் வருவது. தீபாவளி முடிந்ததும் வேலை தளரும். மழை பெய்தால் மருந்து உலராது. 2018 அக்டோபரில் உச்சநீதிமன்றம் பேரியம் கலந்த வெடிகளை விலக்கித் தீர்ப்பளித்தபின் பல ஆலைகள் சில மாதம் மூடிக்கிடந்தன. 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டி ஆலைத் தீயில் முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அத்தகைய நாளில் சில வீடுகளில் வருவாயே அற்றுப்போகின்றது. வங்கித் தவணைக்கோ மழைக்காலம் தெரியாது, தீர்ப்பும் தெரியாது. ஐந்தாம் தேதி என்றால் ஐந்தாம் தேதிதான்.

இவர்கள் கையிற் பணம் வந்தவுடன் ஒரு பவுன் வாங்கி, வேலையில்லா மாதத்தில் அதனை அடகு வைத்து அரிசி வாங்குவதைக் கண்டு, 'சேமிக்கத் தெரியாதவர்' என்று படித்தவர் நகைப்பதுண்டு. எனக்கு அந்நகைப்பில் உடன்பாடில்லை. மனையை ஒரே நாளில் விற்க இயலாது. அதில் ஓர் ஓரத்தை மட்டும் அடகு வைத்து ஒரு மாதச் செலவைக் கழிக்கவும் இயலாது. ஒரு கம்மலை வைக்கலாம். வேலை தொடங்கியபின் மீட்கலாம். அடகு வட்டி ஒரு செலவே; ஆயினும் இரண்டு வட்டிக் கடனோடு ஒப்பிட்டால் அது பாதியளவே. அவர்களிடம் குறையாகக் காணப்படுவது வேறொன்று: அடகுச்சீட்டில் எழுதிய மீட்புக் காலத்தைப் படித்துச் சொல்ல அருகில் ஆளில்லாமை. விடுமுறையில் வீடு செல்லும் நம் மாணவர் அதனைச் செய்யலாம். சீட்டு பெரும்பாலும் ஒரு பக்கந்தான்.