ஏரிநீரை அளக்கும் உணர்கருவிகளைப் பரீட்சித்தல்

ஐக்கிய அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் இடையே உள்ள ஐம்பெரும் நன்னீர் ஏரிகளுள் ஈரி ஏரி ஆழத்தில் மிகக் குறைந்தது. அதன் மேற்பகுதியின் சராசரி ஆழம் உத்தேசம் 7 மீட்டரே. பரந்த விளைநிலங்களின் வடிகால் நீரை மௌமீ ஆறு கொணர்ந்து அப்பகுதியிலேயே சேர்க்கின்றது. அந்நீரில் வரும் பாஸ்பரஸ் சத்தைக் கொண்டு கோடையில் நீலப்பச்சைப் பாசி பெருகுகின்றது. 2014-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 2-ஆம் தேதி, டொலீடோ நகரக் குடிநீரில் இப்பாசியினின்று தோன்றும் மைக்ரோசிஸ்டின் என்னும் நஞ்சு காணப்பட்டமையால், 4 லட்சத்திற்கு மேற்பட்ட மக்கள் குழாய்நீரைப் பருகலாகாதென்று எச்சரிக்கப்பட்டனர். காய்ச்சினும் அந்நஞ்சு நீங்காது. நீர் சுண்டச் சுண்ட அதன் செறிவே மிகும். 4-ஆம் தேதியன்றுதான் தடை நீங்கிற்று.

ஏரியில் மிதவைகளைக் கட்டி, உணர்கருவிகளால் இரவும் பகலும் நீரை அளப்பது இத்தகைய ஆபத்தை முன்னறிய உதவும். இதில் குடியானவர்களுக்கும் பெரும் சம்பந்தமுண்டு. ஈரி ஏரியிற் சேரும் பாஸ்பரஸை 2008-ஆம் ஆண்டின் அளவினின்றும் 100-க்கு 40 பங்கு குறைக்க இரு நாடுகளும் 2016-ஆம் ஆண்டில் இசைந்தன. அதற்கென உழவரின் உரப் பிரயோகம் கட்டுப்படுத்தப்படுங்கால், நீரை அளந்த கணக்கே சாட்சியாகின்றது. பொய்ச்சாட்சி கூறும் கருவியால் நகரத்தாரும் கெடுவர். உழவரும் வீணே பழி சுமப்பர். ஆதலின் கருவியை முதலில் பரீட்சித்தல் இன்றியமையாதது.

1. இறக்குமுன் செய்வது: அளவு தெரிந்த கரைசல்களில் கருவியை அமிழ்த்தி, அது சரியான எண்ணைக் காட்டுகின்றதா என்று பார்த்தல் வேண்டும். அமில கார நிலையை அளக்கும் கருவிக்கு 4, 7, 10 என்னும் நிலைகளையுடைய கரைசல்கள் வழங்கி வருகின்றன.

2. ஏரியில் ஒப்பிடுவது: கருவி தொங்கும் ஆழத்திலேயே, அதே வேளையில், குப்பியில் நீர் முகந்து சோதித்தல் வேண்டும். நீரிற் கரைந்துள்ள பிராணவாயுவை அளக்க, ஹங்கேரிய இரசாயன நிபுணர் விங்க்ளர் 1888-ஆம் ஆண்டில் வெளியிட்ட முறை இன்றும் உரைகல்லாக விளங்குகின்றது. பாசி மிக்க நீரில் பிராணவாயு விடியலுக்குமுன் குறைந்தும் பிற்பகலில் மிகுந்தும் நிற்குமாதலால், இரு வேளைகளிலும் ஒப்பிடுவது அவசியம்.

3. அழுக்கை மதிப்பிடுவது: சில வாரங்களில் கருவியின்மேல் பாசி படர்கின்றது, ஈரி ஏரியில் சிறு சிப்பிகளும் ஒட்டிக்கொள்கின்றன. துடைக்குமுன் ஒருமுறையும் துடைத்தபின் ஒருமுறையும் எண்ணைக் குறித்தல் வேண்டும். உதாரணமாக, பிராணவாயு லிட்டருக்கு முன்பு 6.8 மில்லிகிராமும் பின்பு 7.6 மில்லிகிராமும் காட்டினால், வேறுபாடாகிய 0.8 அழுக்கினால் நேர்ந்த பிழையாகும். இதற்கிடையே ஏரிநீரே மாறியிருக்கக் கூடுமாதலால், தூய கருவியொன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். அதன்பின் மீண்டும் கரைசலில் அமிழ்த்தினால் கருவியின் சொந்தப் பிழையும் வெளிப்படும். துடைத்துவிட்டு எண்ணைக் குறிப்பவர் அழுக்கின் பிழையை என்றும் அறியார்.

4. கருவியின் எல்லையை அறிவது: ஒளியைப் பாய்ச்சிப் பாசியின் நிறமியை அளக்கும் கருவி பாசியின் மிகுதியை ஒருவாறு காட்டுமேயன்றி, நஞ்சின் அளவைக் காட்டாது. உச்சிவெயிலில் மேல்மட்ட நீரில் பச்சையத்தை உள்ளதினும் குறைத்துக் காட்டுவதும் உண்டு. நஞ்சை அறியக் குப்பிநீரைச் சோதனைச்சாலையில் பரிசோதித்தே தீரவேண்டும்.

பாசன ஏரிகளில் இத்தகைய கருவி அமைக்கப்படுமாயின், கிராம அதிகாரிகளும் நிலச்சொந்தக்காரர்களும் மூன்று விஷயங்களைக் கேட்டறிதல் நலம். கருவி கடைசியாக எந்நாளில் சரிபார்க்கப்பட்டது? அதனுடன் ஒப்பிட முகந்த குப்பிநீரின் முடிவு யாது? துடைக்குமுன்னும் பின்னும் குறித்த எண்கள் பதிவேட்டில் உள்ளனவா? இம்மூன்றிற்கும் விடை கிடையாவிடில், அக்கருவி காட்டும் எண்ணைக்கொண்டு எவர்மீதும் குற்றம் சாட்டுவதோ, நீர் நல்லதென்று நம்பிப் பருகுவதோ தகாது.