‘பறி’ என்னும் வினைப்பகுதி

மலர்க் குழுவினர் எம்மிடம் வேண்டியது ஓர் இலக்கணக் கட்டுரை. இலக்கணம் என்ற சொல்லைக் கேட்டவுடன் பழைய மாணவர் பலர்க்கு வகுப்பறை அச்சம் மீண்டும் தலைகாட்டும் என்பதை நாம் அறிவோம். ஆதலின் சூத்திரங்களை அடுக்காது, ஒரேயொரு வினைச்சொல்லை எடுத்துக்கொண்டு, அது காலத்தாலும் இடத்தாலும் எண்ணாலும் எவ்வாறு விரிகின்றது என்பதை மட்டும் ஈண்டு நோக்குவோம். கொத்மலைத் தோட்டத்துப் பிள்ளைகள் ஏடு தொடங்குமுன்னரே கேட்டுப் பழகிய சொல் அது. கொழுந்து பறித்தல் என்பதில் உள்ள ‘பறி’ என்பதே அச்சொல்.

தமிழிலக்கண நூலார் வினைக்கு மாதிரியாகக் கொண்டது ‘செய்’ என்னும் பகுதியை. ‘உண்டு வந்தான்’ என்பதில் உள்ள ‘உண்டு’ என்பது ‘செய்து’ என்னும் வாய்பாட்டு வினையெச்சம். ‘உண்ண வந்தான்’ என்பதில் உள்ள ‘உண்ண’ என்பது ‘செய’ என்னும் வாய்பாட்டு வினையெச்சம். தொல்காப்பியர் வகுத்த இம்முறையையே நன்னூலாரும் பின்பற்றினர். ஒரு வினையைத் தெளிவுற அறிந்தால் ஏனையவற்றுக்கு அதுவே அச்சாக அமையும் என்பது அவர்தம் கருத்து.

பிறமொழியாரும் இவ்வழியே செல்கின்றனர். ஸ்பானிய மொழிப் பாடநூல்களில் மாணாக்கன் முதலிற் சந்திக்கும் வினைகளுள் ஒன்று, பேசுதல் எனப் பொருள்படும் ‘அப்லார்’ என்பது. ஆப்லோ என்றால் பேசுகிறேன். ஆப்லாஸ் என்றால் பேசுகிறாய். அப்லாமோஸ் என்றால் பேசுகிறோம். ஆப்லான் என்றால் பேசுகிறார்கள். நான், நீ என்னும் எழுவாய்கள் இல்லாமலே பேசுவோர் இன்னார் என்பதை விகுதி காட்டிவிடுகின்றது. தமிழ் மாணவனுக்கு இது புதிதன்று. ஆனால் ஆண், பெண் வேறுபாட்டை ஸ்பானிய வினைமுற்றுக் காட்டாது. தமிழ் ‘ஆன்’ என்றும் ‘ஆள்’ என்றும் பிரித்துக் காட்டும். முதலசையை அழுத்தி ஆப்லோ என்றால் ‘நான் பேசுகிறேன்’. ஈற்றசையை அழுத்தி அப்லோ என்றால் ‘அவன் பேசினான்’. அழுத்தம் ஒன்றே காலத்தையும் இடத்தையும் மாற்றிவிடுகின்றது.

அம்மொழிக்கு உடன்பிறந்ததாகிய போர்த்துக்கேய மொழி 1505ஆம் ஆண்டிலேயே இலங்கைக் கரையைத் தொட்டது. அலமாரி, சாவி, மேசை, கதிரை என்பனவும், தோட்டத்தார் நன்கறிந்த அலவாங்கும் அதன்வழி வந்த சொற்களே. இவையாவும் பெயர்கள். பிறமொழி வினை வேண்டுமாயின், பெயரைப்போல் அதனை வாங்கி, ‘பண்ணு’ என்றோ ‘செய்’ என்றோ பின்னால் ஒட்டிக்கொள்வதே நம் வழக்கம். போன் பண்ணினான், ரிப்பேர் செய்தான் என்பவற்றில் காலமும் விகுதியும் ஏற்பது தமிழ்வினையே.

ஸ்பானிய வினைகள் மூன்று வகுப்பின. அகராதியிற் காணும் சொல்லின் ஈறு ஆர், எர், இர் என்பவற்றுள் ஒன்றாக இருக்கும். அவ்வீற்றைக் கண்டவுடன் ஒழுங்கான வினையாயின் வகுப்புத் தெரிந்துவிடும். தமிழில் இந்த வசதி இல்லை. ‘அறி’, ‘பறி’ இரண்டும் இகர ஈற்றுப் பகுதிகளே; ஆயினும் அறிந்தேன் என்போம், பறித்தேன் என்போம். அறிகிறேன் என்போம், பறிக்கிறேன் என்போம். பகுதியை மட்டும் பார்த்து வகுப்பைத் துணிதல் அரிது. ஜெர்மானியராகிய கார்ல் கிரால் 1855ஆம் ஆண்டில் வெளியிட்ட தமிழிலக்கண நூலில் வினைகளை ஏழாக வகுத்தார். சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேரகராதி 13 வகுப்புக்கள் கொண்டது. வினைச்சொல்லை அடுத்து ஓர் எண் இருப்பதை அதனைப் புரட்டியோர் கண்டிருப்பர். அவ்வெண் பக்கத்தைக் குறிப்பதன்று. அவ்வினை எவ்வாறு விரியும் என்பதைக் குறிப்பது. ‘பறித்தல்’ 11ஆம் வகுப்பைச் சேரும், ‘நடத்தல்’ 12.

மாணாக்கர் 13 வகுப்பையும் நெட்டுருச் செய்யவேண்டுமோ எனின், வேண்டா என்போம். ஒரு வினைக்கு மூன்று சொற்களை அறிந்தாற் போதும்: பறித்தேன், பறிக்கிறேன், பறிப்பேன். நன்னூல் முறைப்படி பிரித்தால், பறித்தேன் என்பது பறி + த் + த் + ஏன். பறி பகுதி, முதற் தகரம் சந்தி, இரண்டாம் தகரம் இறந்தகால இடைநிலை, ஏன் தன்மை ஒருமை விகுதி. பறிக்கிறேன் என்பதில் கிறு என்பதும், பறிப்பேன் என்பதில் பகரமும் இடைநிலைகள். ஏன் என்பதை நீக்கி ஓம், ஆய், ஈர், ஈர்கள், ஆன், ஆள், ஆர், ஆர்கள், அது, அன என்பவற்றை மாற்றி மாற்றி வைத்தால் ஒரு காலத்துக்கு 11 முற்றுக்கள் பிறக்கும். மூன்று காலத்துக்கும் 33 ஆகவேண்டும். ஆனால் எதிர்காலத்தில் அஃறிணை ஒருமைக்கும் பன்மைக்கும் ‘பறிக்கும்’ என்பதே பொதுவாக நிற்றலின் 32 ஆயிற்று. குரங்கு பறிக்கும், குரங்குகள் பறிக்கும்.

எச்சங்களும் இம்மூன்று சொற்களிலிருந்தே பிறக்கும். பறித்தேன் என்பதிலிருந்து பறித்து, பறித்த, பறித்தால், பறித்தாலும், பறித்தவர் என்பன வரும். பறிக்கிறேன் என்பதன் ககரவொற்றைப் பற்றிக்கொண்டு பறிக்க, பறிக்கலாம், பறிக்கவேண்டும், பறிக்கட்டும் என்பன வரும். ‘பறித்தல்’ என்பதைக் கண்டு அதனையும் இறந்தகாலம் என மயங்குவோர் உளர். அது காலங்காட்டாத தொழிற்பெயர். அதன் ஈறு ‘தல்’. காலங்காட்டும் தொழிற்பெயர் ‘பறித்தது’ என்பதாகும்.

இனி எமது வகுப்பறையில் நாளும் எழுவதொன்றைக் கூறவேண்டும். பிள்ளை ‘பறிச்சேன்’ என்று எழுதுகின்றான். ஆசிரியர் சிவப்பு மையால் வெட்டி, ‘கொச்சை’ என ஓரத்தில் எழுதுகின்றார். அடுத்த நாள் ‘படிச்சேன்’ என வருகின்றது, மீண்டும் வெட்டு. ஒரு தவணை முழுவதும் வெட்டினாலும் பிள்ளை கற்றுக்கொள்வது யாது? தன் வீட்டில் வழங்கும் தமிழ் பிழையென்பது ஒன்றே. நம் கருத்து வேறு. பிள்ளையின் வாயில் ஒழுங்கு உளது. இகரத்தையும் ஐகாரத்தையும் அடுத்த ‘த்த்’ பேச்சில் ‘ச்ச்’ ஆகின்றது; ‘ந்த்’ என்பது ‘ஞ்ச்’ ஆகின்றது. பறித்தேன் பறிச்சேன் ஆகும். உடைத்தேன் உடைச்சேன் ஆகும். அறிந்தேன் அறிஞ்சேன் ஆகும். எடுத்தேன் என்பதில் முன்னிற்பது உகரமாதலின் அது மாறுவதில்லை; எந்தப் பிள்ளையும் ‘எடுச்சேன்’ எனச் சொல்லக் கேட்டதில்லை. யாழ்ப்பாணத்துப் பேச்சிலும் தமிழ்நாட்டுப் பேச்சிலும் இம்மாற்றம் உண்டு. தோட்டத்துக்கு மட்டும் உரிய குறையன்று. ஆதலின் ‘ச்ச் என நாவில் வந்தால் த்த் என எழுது, ஞ்ச் என வந்தால் ந்த் என எழுது’ என ஒரு நாள் விதியாகக் காட்டினால், நூறு வெட்டுக்கள் மிச்சமாகும். செஞ்சேன் என்பது மட்டும் இவ்விதிக்கு அடங்காது. விதியை நம்பிச் ‘செய்ந்தேன்’ என எழுதும் பிள்ளைக்குச் ‘செய்தேன்’ எனத் தனியே சொல்லிக்கொடுத்தல் வேண்டும்.

இவ்வொழுங்கைக் காட்டாதொழிந்தால் பொருளே கெடும். ‘பலகை பறிந்தது’ என்றால் தானே பெயர்ந்தது. ‘பலகையைப் பறித்தான்’ என்றால் ஒருவன் பிடுங்கினான். உடைந்தது, உடைத்தது என்பனவும் அன்ன. கொழுந்து நிறுக்கும் இடத்தைப் பற்றி எழுதச் சொன்னால், மாணாக்கர் சிலர் ‘கணக்கப்பிள்ளை கொழுந்தை நிறுத்தினார்’ என எழுதுவர். நிறுத்தினார் என்பது ‘நிறுத்து’ என்னும் பகுதியிற் பிறந்தது. ஓடுவதை நிற்கச்செய்தார் என்பது பொருள். எடையிட்டார் எனக் கூற ‘நிறு’ என்னும் பகுதியிலிருந்து ‘நிறுத்தார்’ என வரவேண்டும். நிறுத்து எழுதினார் என்றால் எடைபார்த்து எழுதினார். நிறுத்தி எழுதினார் என்றால் ஏதோ ஒன்றை நிறுத்திவிட்டு எழுதினார். நாட்கூலி எடையைப் பொறுத்ததாகிய இடத்தில், இவ்விரு எச்சத்துக்கும் உள்ள வேற்றுமை சிறிதன்று.

தேயிலைத் தோட்டங்களும் சிங்களக் கிராமங்களும் அடுத்தடுத்து அமைந்த கொத்மலையில், தமிழைப் பிறமொழியாகக் கற்போரும் பலர். 1956ஆம் ஆண்டுச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கியது. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தத்தில் தமிழும் அரசகரும மொழியென இடம்பெற்றது. உத்தியோகத்தர் இரண்டாம் மொழிப் பரீட்சைக்குத் தோற்றுகின்றனர். அவர்க்குத் தமிழ்வினை ஏன் மலைப்பைத் தருகின்றது? பேச்சுச் சிங்களத்தில் வினை இடத்துக்கேற்ப மாறுவதில்லை. மம கரனவா, ஒயா கரனவா, எயா கரனவா: நான், நீர், அவர் யாவர்க்கும் ‘கரனவா’ ஒன்றே. அப்பழக்கத்தோடு வருபவர் தமிழிலும் ஒரு வடிவத்தைப் பிடித்துக்கொண்டு எல்லா இடத்துக்கும் அதனையே வைப்பது இயல்பு. அவர் எழுத்துச் சிங்களத்தை நினைவூட்டினால் வழி திறக்கும். அங்கே கரமி, கரமு, கரயி, கரதி என விகுதி மாறுகின்றது: செய்கிறேன், செய்கிறோம், செய்கிறான், செய்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கோ மறுதலையான அனுபவம். பேச்சுச் சிங்களம் எளிது. எழுத்துச் சிங்களத்தின் விகுதிகளும் தம் மொழியின் அமைப்பை ஒத்தலின் அவர்க்கு அந்நியமாகா. இருசாராரையும் ஒரு பலகையில் இவ்விரு வரிசையையும் எதிரெதிரே எழுதச் செய்வது நல்ல பாடம்.

ஏவலைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். பறி, பறியும், பறியுங்கள் என மூன்று படிகள் உள. தோட்டத்துப் பேச்சில் மூன்றாவது ‘பறிங்க’ என ஒலிக்கும். வேலை வாங்குவோர் வாயில் முதலாவது வடிவம் மிகுந்திருந்த காலத்தை முதியோர் அறிவர். வியங்கோள் ‘பறிக்க’ என வரும்; வினையெச்சமும் ‘பறிக்க’ என்றே வரும். ‘செய்’ என்னும் பகுதியில் செய்க, செய்ய என இவை வேறாய் நிற்றலின், மாதிரி வினையை மட்டும் கற்றவர் இங்கே இடர்ப்படுவர். தொடரின் இறுதியில் முடிவாக நின்றால் வியங்கோள். மற்றொரு வினையைத் தழுவி நின்றால் எச்சம் எனக் கொள்க. அன்னையைப் பற்றி எழுதும் கட்டுரையில் ‘அம்மா கொழுந்து பறிக்கிறாள்’ எனச் சில புத்தகங்களைப் பார்த்து எழுதுகின்றனர். வீட்டில் அப்பிள்ளை சொல்வது ‘பறிக்கிறாங்க’. ‘ஆங்க’ என்பது ‘ஆர்கள்’ என்பதன் பேச்சு வடிவம். ஒருவரைக் குறித்த மரியாதைக்கு எழுத்தில் ‘ஆர்’ போதும். ‘பறிக்கிறார்’ என்றே எழுதுவிக்கவேண்டும் என்பது நம் துணிபு; பிள்ளையின் நாவிலுள்ள மரியாதையை ஏடு குறைத்தல் ஆகாது.

எதிர்மறையில் கணக்குச் சுருங்கும். பழைய வடிவம் பறியேன், பறியாய், பறியான் என்பது. அதிற் காலங்காட்டும் இடைநிலை இல்லை. இக்காலத்தில் நேற்றுக்கும் இன்றைக்கும் ‘பறிக்கவில்லை’ என்பதே பொது, நாளைக்குப் ‘பறிக்கமாட்டேன்’. ‘பறிக்கவில்லை’ என்பது நான், அவர், அது என யாவர்க்கும் ஒன்றாய் நிற்பதால், எழுவாயை விடாது எழுதல் நன்று. பறியாதே என்பதும் பறிக்காதே என்பதும் வழக்கில் உள்ளன, இரண்டையும் ஏற்கலாம்.

பழைய மாணவர் தம் பிள்ளைகளை அருகிருத்திப் பின்வரும் பகுதிகளுக்கு மும்மூன்று சொற்கள் சொல்வித்துப் பார்க்கலாம்: கவ்வாத்து வெட்டு, கன்று நடு, கூடை சும, களை எடு, கொழுந்து நிறு. வெட்டினேன் என்பதில் ‘இன்’ இடைநிலையும், நட்டேன் என்பதில் ஒற்று இரட்டித்தலும், சுமந்தேன், சுமக்கிறேன், சுமப்பேன் என்பவற்றில் இறந்தகாலம் மட்டும் மெலிந்து நிற்றலும் காண்க. பின்னர் வா, தா, சா என்னும் மூன்றையும் வினவுக; அவை வந்தேன், தந்தேன், செத்தேன் எனப் பகுதி திரிந்து வருதலின், அவற்றுக்கு விதி தேடாது அவ்வாறே மனத்திற் கொள்க.