துஞ்சினார் என்னும் சொல்லும் 42 கிலோமீட்டரும்

தகுதி வழக்கு மூன்று வகைப்படும்: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. இடைநிலைப்பள்ளியில் மனனம் செய்த இதனை நம்மில் பலர் தேர்வோடு மறந்திருப்போம். செத்தாரைத் 'துஞ்சினார்' என்பது மங்கலத்திற்கு உரையாசிரியர்கள் காட்டும் சான்று. துஞ்சுதல் என்றால் உறங்குதல். புறநானூற்று மன்னர்களைக்கூடக் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன், சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன் என்று இறந்த இடத்தாலேயே அடையாளம் காண்கிறோம்.

இவ்வழக்கைப் பற்றி என்னை மறுபடியும் எண்ண வைத்தது இலக்கண வகுப்பன்று. ஒரு மாரத்தான் ஓட்டம்.

மேற்படிப்புக்காக லண்டனில் இருந்தபோது, 2018 ஏப்ரல் 22-ஆம் நாள் லண்டன் மாரத்தானில் ஓடினேன். 1981-இல் தொடங்கிய அவ்வோட்டத்தில் இடம் கிடைப்பது அரிது. அறநிறுவனங்கள் சில இடங்களை விலைக்கு வாங்கி, இவ்வளவு நிதி திரட்டித் தருகிறேன் என்று வாக்களிப்பவருக்கு அவற்றை வழங்கும். பெற்றோரையோ உடன்பிறந்தோரையோ இழந்த பிள்ளைகளுக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் துணைநிற்கும் ஓர் அமைப்பின் சார்பில் எனக்கு இடம் கிடைத்தது. பிரிட்டனில் இத்தகைய அமைப்புகள் பல உள்ளன. 'வின்ஸ்டன்ஸ் விஷ்' 1992 முதல் இயங்குகிறது.

நன்கொடை கேட்டு நண்பர்களுக்குக் கடிதம் எழுதுமுன், அவ்வமைப்புகளின் அறிவுரைகளைப் படித்தேன். எல்லாரும் ஒன்றையே வலியுறுத்தினர்: பிள்ளையிடம் 'இறந்துவிட்டார்' என்றே சொல்ல வேண்டும், 'தூங்குகிறார்' என்று சொல்லலாகாது. சொன்னதை அப்படியே பொருள்கொள்ளும் வயதில் பிள்ளை தூங்க அஞ்சும். அல்லது, போனவர் எழுந்து வருவார் என்று காத்திருக்கும்.

நான் காத்திருந்தேன். எனக்கு ஆறு வயதில் அப்பா இறந்தபோது, "அப்பா தூங்குறாருய்யா, சத்தம் போடாதே" என்றார் பாட்டி. கூடத்தில் கிடத்தியிருந்தவரை எழுப்பிவிடக் கூடாதென்று அன்று முழுவதும் நுனிக்காலில் நடந்தேன். அதன்பின் பல மாதங்கள், அம்மா கண்ணயர்ந்தால் மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பேன். பாட்டியைக் குறைகூறவில்லை; அவர் பேசியது மங்கல வழக்கு. ஆயினும், கேட்பவரும் உண்மையை அறிந்திருந்தால்தானே அது மங்கலம்? அறியாத பிள்ளைக்கு அது வெறும் தகவல். நம் இலக்கண நூல்கள் இதைச் சொல்வதில்லை.

கடிதத்தில் 'இறைவனடி சேர்ந்த' என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, 'எனக்கு ஆறு வயதில் அப்பா இறந்தார்' என்று தொடங்கினேன். நிதி சேர்ந்தது.

ஓட்டத்தன்று வெப்பம் 24 பாகை. அவ்வோட்டத்தின் வரலாற்றில் அதுவரை காணாத வெப்பமாம்! கிள்ளானில் வளர்ந்த எனக்குச் சிரிப்பு வந்தது. 20-ஆம் கிலோமீட்டரில், டவர் பாலம் வரை அச்சிரிப்பு நீடித்தது. 30-ஐ நெருங்குகையில், கேனரி வார்ஃப் கட்டடங்களுக்கிடையே, தசைகளில் சேர்ந்திருந்த கிளைக்கோஜன் தீர்ந்து கால்கள் இரும்பாயின. ஓட்டக்காரர்கள் இதைச் 'சுவர்' என்பர். எனக்கு முன்னே ஓடிய பெண்ணின் முதுகில் ஒரு துணி குத்தப்பட்டிருந்தது. அதில் சிறுபிள்ளைக் கையெழுத்தில், 'என் அம்மா இறந்துவிட்டார். சித்தி ஓடுகிறார்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அந்தத் துணியைப் பார்த்துக்கொண்டே மீதியைக் கடந்தேன்.

முடிக்க ஐந்தரை மணி நேரம் ஆயிற்று. அம்மாவுக்குத் தொலைபேசினேன், கிள்ளானில் அப்போது இரவு. மூக்கருகே விரல் வைத்த கதையை அன்றுதான் முதன்முறையாகச் சொன்னேன்.

"தெரியும்யா. நான் எங்கே தூங்கினேன்?" என்றார்.