வீட்டு ரௌட்டரில் அலைவழித் தேர்வு

அடுக்குமாடி வீடுகளில் ரௌட்டர் புதிதாயிருந்தும் இணைப்பு அடிக்கடி தடைப்படுவதுண்டு. இதற்குப் பெரும்பாலும் சாதனம் காரணமன்று. அண்டை வீட்டாருடன் அலைவழி மோதுவதே காரணம்.

2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பட்டையை 2005 முதல் நம் நாட்டில் லைசென்ஸின்றி உபயோகிக்கலாம். அதில் 13 அலைவழிகள் உள. அடுத்தடுத்த வழிகளின் மையங்களுக்கு இடைவெளி 5 மெகாஹெர்ட்ஸ் மட்டுமே. ஒவ்வொன்றும் கொள்ளும் அகலமோ 20. எனவே 1, 6, 11 ஆகிய மூன்றுமே ஒன்றையொன்று தொடாதவை.

எவரும் எடுக்காத எண் என்று கருதி 3-ஐத் தேர்வது தவறு. ஒரே வழியிலுள்ள ரௌட்டர்கள் ஒன்றையொன்று கேட்டு, முறைவைத்துப் பேசும். பாதி மேற்படிந்தவற்றிற்கோ அண்டையொலி வெறும் இரைச்சலே. ஆகையால், நெரிசல் குறைந்த 1, 6 அல்லது 11-ஐக் கைபேசிச் செயலியால் அறிந்து தேர்க.

நிர்வாகப் பக்கத்தின் முகவரி பெரும்பாலும் ரௌட்டரின் அடிச்சீட்டில் இருக்கும். அங்கே அகலத்தை 20 என்றே வைக்க. 40 ஆக்கினால் வேகம் இரட்டிக்கும் என்பர். நெருங்கிய குடியிருப்பில் அது பலிப்பதில்லை. காப்பு முறையில் டபிள்யூபிஏ2-க்குக் குறைந்தது எதுவும் கூடாது. பலர் மறப்பது நிர்வாகக் கடவுச்சொல், அதனையும் மாற்றுக.

5 கிகாஹெர்ட்ஸ் பட்டை 2018-இல் விரிவாக்கப்பட்டமையால் அங்கே இடம் மிகுதி. ஆனால் சுவர்களைக் கடக்கும் ஆற்றல் குறைவு. 52 முதல் 64 வரையுள்ள வழிகளில் ரேடார் அலையைக் கண்டால் ரௌட்டர் தானே விலகி வேறு வழிக்கு மாறும். அப்போது இணைப்புச் சிறிது நேரம் அறுவதைப் பழுதெனக் கொள்ளற்க.