மதியத் தூக்கமும் இரவுக் கணக்கும்

அன்புள்ள கயலுக்கு,

பழவேற்காட்டுப் பால்வாடியில் உதவியாளராகச் சேர்ந்த முதல் வாரமே நல்ல கேள்வியோடு எழுதியிருக்கிறாய். பாதிப் பிள்ளைகள் சாம்பார் சாதம் தின்ற கையோடு சாய்ந்துவிடுகிறார்கள். மீதிப் பேர் புரண்டு புரண்டு, தூங்குகிற பிள்ளையையும் எழுப்பிவிடுகிறார்கள். "என்ன செய்யறது அத்தை?" என்கிறாய். செய்யக் கூடாததை முதலில் சொல்கிறேன்: மிரட்டித் தூங்கவைக்காதே.

மதியத்தை மட்டும் பார்த்தால் ஒன்றும் விளங்காது. 24 மணி நேரத்தையும் சேர்த்துத்தான் கணக்கு. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்ன அளவு இது: 4 முதல் 11 மாதம் வரை 12–16 மணி நேரம், 1–2 வயதுக்கு 11–14, 3–4 வயதுக்கு 10–13. பகல் தூக்கமும் இதில் அடக்கம். இரவில் பதினோரு மணி நேரம் அடித்துப் போட்டாற்போல் தூங்கிய நான்கு வயதுக்காரனுக்கு உன் பாயில் என்ன வேலை?

ஆனால் உங்கள் ஊரில் இரவு வீட்டுக்கு வீடு வேறு. ஏரியில் மீன்பிடிக்கும் முறை (பாடு) வந்து அப்பா கிளம்பும் ராத்திரியில் சின்னதும் விழித்துக்கொள்ளும். விடிவதற்குள் அம்மா மீன் ஏலத்துக்குக் கூடை எடுத்தால், அது அரைத் தூக்கத்தில் பாட்டி மடிக்கு மாறும். அப்படி வந்த பிள்ளை பத்தரை மணிக்கே கண்ணைக் கசக்கும். சாப்பாட்டு நேரம் வரை அதை இழுத்துப் பிடிக்காதே, ஒரு மூலையில் பாய் போடு. காலையில் விட வருகிறவரிடம் "ராத்திரி எப்பப் படுத்துச்சு, எப்ப எழுந்துச்சு?" என்று கேட்டு நோட்டில் குறித்து வா. ஒரே வாரத்தில் பிடிபடும். வருகைப் பதிவேட்டைவிட அந்த நோட்டுக்குத்தான் நான் மதிப்பெண் போடுவேன்.

ஒன்றரை வயது வாக்கில் இரண்டு பகல் தூக்கம் ஒன்றாகச் சுருங்கும். ஐந்து வயதுக்குள் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அதுவும் நின்றுவிடும். இரண்டு வயதுக்கு மேல் பகலில் தூங்கும் பிள்ளைகள் இரவில் பிந்தித் தூங்குவதை 2015-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார்கள். ஆகவே "பதினோரு மணி வரைக்கும் ஆட்டம் போடுறான்" என்று ஒரு அம்மா அலுத்துக்கொண்டால், அவனை மதியம் சீக்கிரமே எழுப்பிப் பார். தூக்கம் வராதவர்கள் சற்றுநேரம் படுத்திருக்கட்டும்; பிறகு படப் புத்தகத்தோடு வெளியே உட்காரட்டும்.

தூளியில் ஆடிப் பழகிய பிள்ளைக்கு அசையாத பாய் அந்நியம். சில நாள் பக்கத்தில் உட்கார்ந்திரு. தினமும் அதே இடம், அதே பாய். பால்வாடியோடு குழந்தைகள் காப்பகமும் சேர்ந்து கைக்குழந்தைகளும் வந்தால் மல்லாக்கத்தான் படுக்கவைக்க வேண்டும். தலையணை, தளர்ந்த துணி எதுவும் முகத்தருகே கூடாது.

தினமும் குறட்டை விட்டு, வாயால் மூச்சு வாங்கும் பிள்ளை உண்டா? ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் காட்டு. மூச்சு விட்டு விட்டு வந்தால் அதுவரை காத்திராதே. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அன்றே அனுப்பு.

அன்புடன்,
அத்தை